கன்பூசியஸ்: மாணாக்கரால் வாழ்ந்த ஆசான்

ஓர் ஆசிரியனது உழைப்பு வென்றதா தோற்றதா என்பதை அவன் வாழ்நாளிலேயே அளந்து கூறல் எளிதன்று. வகுப்பறையை விட்டு நீங்கிய மாணாக்கர் பின்னாளில் எத்தகையராய் வாழ்ந்தனர் என்பதே அதற்கு அளவுகோலாகும். இவ்வுண்மைக்குச் சீன தேசத்துப் பேராசான் கன்பூசியஸின் வாழ்க்கை தக்கதொரு சான்று. அரசியலில் அவர் நாடியது கைகூடவில்லை. தம் நெறியைத் தாங்குவான் என்று அவர் நம்பிய மாணாக்கன் அவருக்கு முன்னரே மாண்டான். தம் போதனைகளைத் தொகுத்து நூலொன்றேனும் அவர் எழுதிவைத்தாரல்லர். எனினும், சீனம், கொரியா, யப்பான், வியட்நாம் ஆகிய தேசங்களின் வீட்டு வாழ்வும் அரசும் வழிபாடும் கல்வியும் அவர் பெயரோடு பின்னிக் கிடக்கின்றன. பழைய மாணவர் வெளியிடும் விழா மலரிலே அவர் வரலாற்றை நினைவுகூர்தல் சாலப் பொருந்தும். ஏனெனில், அவர் புகழ் அவருடைய பழைய மாணவர் வளர்த்த புகழேயாம்.

அவரது இயற்பெயர் கொங் சியூ. ஆசான் கொங் எனப் பொருள்படும் கொங் பூ சே என்னும் சீனத் தொடரையே, பிற்காலத்தில் சீனம் சென்ற யேசு சபைத் துறவிகள் இலத்தீன் மொழிக்கேற்பக் கன்பூசியஸ் எனத் திரித்து வழங்கினர். மரபுவழிக் கணக்கின்படி அவர் கி. மு. 551 ஆம் ஆண்டிலே, லூ என்னும் சிறு நாட்டிலே, இன்றைய சாந்துங் மாகாணத்துச் சூபூ நகரை அடுத்த ஊரிலே பிறந்தார். தந்தையார் ஒரு போர்வீரர். மைந்தன் மூன்று வயதுக் குழந்தையாயிருக்கையிலேயே அவர் இறந்துவிட்டார். இளந்தாயார் வறுமையினிடையே மகனை வளர்த்தெடுத்தார். 19 ஆம் வயதில் மணம்புரிந்த கன்பூசியஸ், தானியக் களஞ்சியத்துக் கணக்கெழுதியும் மேய்ச்சல் நிலத்துக் கால்நடைகளை மேற்பார்த்தும் பிழைத்தார். சிறிய தொழில்கள் பலவற்றைத் தாம் கற்க நேர்ந்தது இளமையில் எளியராய் இருந்தமையாலே என்று பிற்காலத்தில் அவர் நாணமின்றிச் சொல்லிக்கொண்டதுண்டு.

அவர் வாழ்ந்த காலம் சீர்குலைந்த காலம். கி. மு. 771 ஆம் ஆண்டில் சௌ வமிசத்தாரின் மேற்குத் தலைநகர் பகைவர் கையில் வீழ்ந்தபின், பேரரசர் பெயரளவில் மட்டுமே ஆண்டனர். சிற்றரசர்கள் தம்முட் பொருதனர். லூ நாட்டிலோ, அரசன் கைப்பாவையாக, மூன்று பெருங்குடும்பத்தார் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். இந்நிலையில் கன்பூசியஸ் தமக்கு முற்பட்ட சௌ வமிசத்து நல்லரசர் காலத்தை நோக்கினார். அக்காலத்துச் சடங்குகளையும் இசையையும் நூல்களையும் கற்றார். தாம் புதியதொன்றையும் படைக்கவில்லை, பழையதையே கையளிக்கின்றேன் என்றார். ஆயினும் பழையதன் உட்பொருளை அவர் புதிதாகக் கண்டார் என்பதே உண்மை.

அவர் போதனை இரு சொற்களில் அடங்கும். ஒன்று ஜென், மற்றொன்று லீ. ஜென் என்பது மனிதன் மனிதனிடத்துக் காட்டவேண்டிய அன்பு. லீ என்பது அவ்வன்பு வெளிப்படும் முறைமை. வழிபாட்டுச் சடங்கு முதல் விருந்தினரை வரவேற்கும் பாங்கு வரை அனைத்தும் அதில் அடங்கும். அன்பில்லாத முறைமை வெறுங்கூடு. முறைமையில்லாத அன்போ நிலைகொள்ளாது. பெற்றோர் இறந்தால் மூன்றாண்டு துக்கங் காத்தல் மிகையன்றோ, ஓராண்டு போதாதோ என மாணாக்கனொருவன் வினவினான். அவன் சென்றபின், குழந்தை பெற்றோர் கையை விட்டிறங்க மூன்றாண்டு ஆகின்றதே, அவன் அவ்வன்பைப் பெற்றிலனோ என்று ஆசிரியர் வருந்தினார். சடங்கின் வேர் நன்றியிலே உள்ளது என்பது இதனாற் புலனாகும். ஆவிகளையும் தெய்வங்களையும் அவர் மறுத்தாரல்லர். மதித்துத் தொலைவில் நிறுத்தி, வாழ்வாரிடத்துச் செய்யவேண்டிய கடமையை முதலில் செய்க என்பதே அவர் கருத்து.

ஆசிரியராக அவர் செய்த பெரும்புதுமை யாதெனில், கல்வியை உயர்குடிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாமையே. உலர்ந்த இறைச்சிக் கட்டொன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்த எவனுக்கும் அவர் கற்பிக்க மறுத்ததில்லை. சிலூ என்னும் முரட்டு வீரனும், சிகுங் என்னும் செல்வம் படைத்த வணிகனும், சந்து வீட்டில் ஒரு கலயச் சோற்றோடு மகிழ்ந்திருந்த ஏழை யென் ஹுய்யும் ஒருங்கிருந்து கற்றனர். கேட்டதை உடனே செயலாக்கலாமா என்று சிலூ வினவியபோது, மூத்தோர் இருக்க அது தகாது என்றார். இன்னொரு மாணாக்கன் அதே வினாவை விடுத்தபோது, உடனே செய்க என்றார். அருகிருந்தவன் மயங்கிக் காரணம் கேட்டான். முன்னவன் துணிச்சல் மிக்கவன், ஆதலால் தடுத்தேன். பின்னவன் தயங்குபவன், ஆதலால் தூண்டினேன் என்று விளக்கினார். ஆசிரியத் தொழில் புரிவார் அனைவரும் உளங்கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

ஏறக்குறைய 50 ஆம் வயதில் லூ நாட்டிலே பதவி வாய்த்தது. முதலில் ஒரு நகரின் தலைவராகவும் பின்னர் நீதித்துறை அமைச்சராகவும் அமர்ந்தார். கி. மு. 498 ஆம் ஆண்டில் முப்பெருங் குடும்பத்தாரின் கோட்டை மதில்களை இடிக்கும் முயற்சி தொடங்கிற்று. அது முற்றுப்பெறாது தோல்வியுற்றது. அயலிலிருந்த சீ நாட்டார் நடனமாதரைப் பரிசாக அனுப்ப, ஆட்சியாளர் மூன்று நாள் அரசவையை மறந்தனர். மனமுடைந்த கன்பூசியஸ் பதவியைத் துறந்து, கி. மு. 497 அளவிலே மாணாக்கர் சிலருடன் நாட்டை விட்டு வெளியேறினார்.

அதன்பின் 13 ஆண்டு அலைந்தார். தம் சொற்கேட்கும் மன்னனொருவனைத் தேடி நாடுநாடாகச் சென்றார். ஓரிடத்தில் கொலைக்குத் தப்பினார். மற்றோரிடத்தில் உணவின்றி மாணாக்கர் நோயுற்று வீழ, மேன்மக்களுக்கும் இத்தகைய வறுமை வருமோ எனச் சிலூ சினந்தான். வரும், ஆனால் கீழோர் போல் மேன்மக்கள் நிலைகுலையார் என்று ஆசிரியர் அமைதியாக விடையளித்தார்.

அவ்வழிப் பயணத்திலே இருவர் ஏர் உழுதுகொண்டிருந்தனர். ஆற்றுத்துறை எங்கே என்று சிலூ அவர்களை வினவினான். உலகெங்கும் வெள்ளம் பெருகுகின்றது, அதனை மாற்ற வல்லார் யார், உலகைத் துறந்தாரோடு சேர்தலே நன்று என்று கூறி அவர்கள் உழவைத் தொடர்ந்தனர். இதனைக் கேட்ட கன்பூசியஸ் பெருமூச்செறிந்தார். பறவைகளோடும் விலங்குகளோடும் கூடி வாழ்தல் இயலாது, மனிதரோடன்றி யாரோடு வாழ்வேன், உலகம் நன்னெறியில் நின்றால் அதனை மாற்ற நான் அலையவேண்டியதில்லையே என்றார். கீழைத்தேயச் சிந்தனையின் இரு பெருங்கிளைகள் பிரியும் இடம் இதுவே.

அவ்வுழவர் காட்டிய நெறியே பின்னர் லாவோ சே என்பாரின் பெயரால் வழங்கும் 81 அதிகாரச் சிறு நூலிலே உருப்பெற்றது. வழி எனப் பொருள்படும் தாவோ என்னும் சொல்லை இரு சாராரும் போற்றினர். கன்பூசியஸுக்கு அது மனிதர் தம் கடமையால் அமைக்கும் வழி. தாவோ நெறியார்க்கோ அது மனிதர் அமையாமுன்னரே இயற்கையில் ஓடும் வழி. நீர் தாழ்விடம் நோக்கி இயல்பாய்ச் செல்லுமாறு, வலிந்து செய்யாமையே அவர்க்கு அறம். இளமையில் கன்பூசியஸ் லாவோ சேயைக் கண்டு வியந்தார் என்று சிமா சியென் என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். லாவோ சே என ஒருவர் இருந்தனரா என்பதையே இக்கால அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். எனினும் இரு நெறிகளும் ஒன்றையொன்று விலக்கிவிடவில்லை. 1993 ஆம் ஆண்டில் குவோதியன் என்னுமிடத்தில் அகழப்பட்ட பழைய கல்லறை ஒன்றிலே, லாவோ சே நூற்பகுதிகளும் கன்பூசிய நூல்களும் மூங்கிற் கீற்றுக்களில் ஒருங்கே கிடைத்தன. ஒருவரே இரண்டையும் கற்றனர் போலும். பதவியிலிருக்கையில் கன்பூசியராகவும் ஓய்வில் தாவோ அன்பராகவும் வாழ்தல் சீன அறிஞர்க்கு இயல்பாயிற்று.

கி. மு. 484 ஆம் ஆண்டில், 68 வயது முதியவராய்க் கன்பூசியஸ் தாய்நாடு திரும்பினார். மன்னரைத் திருத்தும் ஆசை ஒழிந்தது, கற்பித்தலே எஞ்சியது. துயரங்கள் தொடர்ந்தன. மகன் இறந்தான். பின்னர் யென் ஹுய் இறந்தான். வானம் தம்மை அழித்துவிட்டது என்று அவர் அரற்றினார். அழுகை அளவு கடக்கின்றதே என்று அருகிருந்தோர் கூற, இவனுக்காக அன்றி வேறெவனுக்காக அளவிறந்து அழுவேன் என்றார். அளவோடு நடத்தலை வாழ்நாளெல்லாம் போதித்தவர் அன்று அளவை மறந்தார். கி. மு. 480 இல் சிலூவும் வெய் நாட்டுக் கலகத்திலே வெட்டுண்டு மாண்டான். மறு ஆண்டு ஆசிரியரும் உயிர் நீத்தார்.

மாணாக்கர் தந்தையை இழந்தார் போன்று கல்லறையருகே மூன்றாண்டு துக்கங் காத்தனர். பிறர் பிரிந்து சென்றபின்னும், வணிகனாகிய சிகுங் மேலும் மூன்றாண்டு தனித்துத் தங்கினான். பிரிந்து சென்றோர் நாடுகளெங்கும் கற்பித்தனர். அவர்தம் நினைவிலிருந்தும் அவர் மாணாக்கர் நினைவிலிருந்தும் திரண்டதே 20 பகுதிகளையுடைய உரையாடற்றொகுதி.

பின்வந்த வரலாறு ஏற்றமும் இறக்கமும் உடையது. கி. மு. 213 இல் சின் பேரரசன் பழைய நூல்களை எரிக்கப் பணித்தான். கி. மு. 124 இல் ஹான் பேரரசன் ஊதி அந்நூல்களைக் கற்பிக்கப் பேரரசுக் கல்லூரி அமைத்தான். பிற்காலத்தில் அரச பதவி வேண்டுவோர் எழுதும் பரீட்சைக்கு அவை பாடநூல்களாயின. 1905 இலேயே அப்பரீட்சை ஒழிந்தது. ஏழை மகனும் அமைச்சனாகலாம் என்னும் வாய்ப்பை அது தந்தது. ஆயினும், ஒரே வினாவுக்கு இருவர்க்கு இருவகை விடை தந்த ஆசிரியரின் சொற்களை, ஒரே விடையாய் மனனஞ் செய்யும் வழக்கத்தையும் அதுவே வளர்த்தது. அவ்விறுக்கத்தின் பழியும் ஆசிரியர் தலையிலேயே வீழ்ந்தது. 1966 ஆம் ஆண்டில் செங்காவலர் சூபூவிற் புகுந்து அவர் நினைவுச் சின்னங்களைச் சிதைத்தனர். 1994 இல் அவ்விடமே உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? ஆசிரியன் விட்டுச்செல்லும் நூல் அவன் மாணாக்கரே. அவர் அன்போடு வாழ்ந்தால் அவன் வாழ்கின்றான். அவர் சொல்லை மட்டும் காத்து உயிரை இழந்தால் அவன் மீண்டும் இறக்கின்றான். சிகுங் கல்லறையருகே காத்திருந்த ஆறாண்டுகளில் அவனுக்கு ஊதியமுமில்லை, பரீட்சையுமில்லை. கற்ற இடத்தை மறவாது கூடும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் அவனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.