கார்பெட் கைக்கு ஏற்ற துப்பாக்கி

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று பெயர் பெற்ற ஜிம் கார்பெட், 1875 ஜூலை 25ஆம் தேதி இந்தியாவின் நைனிடாலில் ஓர் அஞ்சல் அதிகாரியின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியின் இரண்டு குழல்களில் ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. மற்றதை வைத்தே குறி பார்க்கப் பழகினார். பிறகு மொக்காமா காட் என்ற இடத்தில் ரயில்வே சரக்கு ஏற்றி இறக்கும் குத்தகை வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வேட்டைக்கு விடுப்பில்தான் வருவார்.

1907இல் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனபோது அவர் கையில் இருந்தது .500 இரட்டைக்குழல் துப்பாக்கி. நேப்பாளத்திலும் குமாவுனிலும் 436 பேரைக் கொன்ற புலி அது. கார்பெட் கொண்டு போனதோ மூன்றே தோட்டாக்கள். ஒன்று வீணானது. மற்ற இரண்டும் உடலில் பட்டும் புலி விழவில்லை. வெறுங்கையோடு ஓடி, உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி, சுமார் இருபது அடி தூரத்தில் சுட்டார். வாயைக் குறிவைத்த குண்டு முன்காலில் பட்டது. அந்தப் பழைய துப்பாக்கி அவ்வளவு மோசம். புலியின் உயிரைப் பறித்தவை முந்தைய குண்டுகளே.

புலியின் வாயைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. வலப்பக்கம் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போனதன் விளைவு. காட்டு விலங்கைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரிடம் வந்தது. சரியாகப் படாத ஒரு குண்டுக்கு ஊர் ஊராக விலை கொடுத்தார்கள்.

அந்த வேட்டைக்குப் பரிசாக, மாநில ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைபிளை வழங்கினார். இன்று 7 மில்லிமீட்டர் என்று சொல்லும் அளவு இது. இதன் குண்டு சுமார் 9 கிராம். கார்பெட் பயன்படுத்திய இன்னொரு துப்பாக்கியான 450/400 ஜெஃப்ரியின் குண்டு ஏறக்குறைய 26 கிராம். பாய்ந்து வரும் புலியை நிறுத்தப் பெரிய குண்டு கைகொடுக்கும். ஆனால் அதன் உதையைத் தோள் தாங்க வேண்டும். 1938இல் தாக் கிராமத்துப் புலியைச் சுட்டபோது, கனத்த துப்பாக்கியின் உதை கார்பெட்டைப் பாறையிலிருந்தே தள்ளி, கீழே நின்றவர்கள் மேல் விழ வைத்தது. சிறிய குண்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் சரியான இடத்தில் படாவிட்டால் இன்னொரு சம்பாவத் புலி உருவாகிவிடும்.

கார்பெட்டுக்கு அந்த இலேசான ரைபிள் கைக்கு அடங்கிவிட்டது. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926 மே மாதம், மாமரத்தில் அமர்ந்து இருட்டில் அதனால்தான் வீழ்த்தினார். 1930இல் சௌகர் பெண்புலி எட்டடி தூரத்தில் எதிர்ப்பட்டபோது, அவரது இடக்கையில் இராப்பக்கியின் முட்டைகள் இரண்டு இருந்தன. வலக்கையால் மட்டும் ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டார். கனத்த இரட்டைக்குழலாக இருந்திருந்தால் ஒற்றைக் கையில் நடக்கிற காரியமா?

பின்னாளில் துப்பாக்கியைவிடக் கேமராவையே அவர் விரும்பினார். 1947இல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து, 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரியில் காலமானார். 1968இல் இந்தோசீனப் புலிக்கு அவர் பெயரையொட்டி 'கார்பெட்டி' என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 2004இல் தனித் துணையினமாகப் பிரிக்கப்படும் வரை நம் மலாயாப் புலியும் அந்தப் பெயரிலேயே இருந்தது. அந்த .275 ரைபிளை ரிக்பி நிறுவனம் 2015இல் திரும்ப வாங்கிக்கொண்டது.