தாவர சாஸ்திரி ஜானகி அம்மாள்

மணலி புதுநகரிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு சமாதான மொழி பழகிப் போயிருக்கும். இங்கே அலையாத்திக் காடு அழிந்தால் வேறோரிடத்தில் அதைவிட அதிகமான மரங்களை நட்டுவிடலாம். ஓர் உயிர் இங்கே அருகினால் அதன் வித்தைக் குப்பியிலும் அதன் குஞ்சை உயிர்க்காட்சிச் சாலையிலும் காப்பாற்றி வைக்கலாம் என்பதே அது. கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றுகிறது. இதற்கு விடை சொல்லத் தகுந்தவர் யாவர் என்று ஆராய்ந்தபோது, குப்பியிலும் தோட்டத்திலும் தாவரங்களைப் பேணும் வித்தையில் உலகப் புகழ் பெற்று, முதுமையில் காட்டிற்காக வாதாடிய ஒரு மாதரசியின் வரலாறு நம் நினைவிற்கு வந்தது. அவர் இதே நகரத்தின் மேற்கு ஓரத்திலுள்ள மதுரவாயலில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தவர். அப்படியிருந்தும் அவர் பெயரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

எடவலத்து கக்காட்டு ஜானகி 1897ஆம் வருஷம் நவம்பர் 4ஆந் தேதி மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நியாயாதிபதி, செடி கொடிகளிலும் பறவைகளிலும் பற்றுடையவர். குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. ஒரு பெண் கல்லூரிக்குப் போவதே அதிசயமாயிருந்த அந்நாளில் ஜானகி சென்னைக்கு வந்து, இராணி மேரி கல்லூரியிலும் பின்னர் மாகாணக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் பார்பர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அங்கே 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். இவையெல்லாம் விரைவாகச் சொல்லி முடிக்கத்தக்கவை. நமக்கு வேண்டிய கதை கோயமுத்தூரில் தொடங்குகிறது.

கோயமுத்தூரில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலத்தில், கரும்பின் தாயகங்களில் ஒன்றான இந்நாடு ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரையை இறக்குமதி செய்து கொண்டிருந்தது. தடித்த, தித்திப்பான கரும்பு ஜாதிகள் வட இந்தியக் குளிரையும் நோயையும் தாங்காமல் மடிந்தன. அப்பொழுது பார்பர் துரையும் நம்மவரான வெங்கடராமனும் எவரும் மதியாத ஒரு புல்லின் உதவியை நாடினர். ஆற்றங்கரையில் தானாக முளைத்து, வெள்ளத்தில் மூழ்கி, கோடையில் காய்ந்து, மறுபடியும் துளிர்க்கும் பேய்க்கரும்பே அந்தப் புல். அதில் சாறும் இல்லை, தித்திப்பும் இல்லை. அதனை நல்ல கரும்போடு கலந்து பிறந்த கோ 205 என்னும் ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. அந்நியச் சர்க்கரையை விலக்குவோம் என்று நாம் மேடையில் முழங்கினோம். அம்முழக்கத்தை வயலில் மெய்யாக்கியதில் இந்தப் புல்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜானகி அம்மாள் 1934இல் இந்நிலையத்தில் சேர்ந்து, குரோமோசோம்களை எண்ணி ஆராயும் தம் வித்தையை இப்புல்லின் மீதும் கரும்பின் மீதும் செலுத்தினார். கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து பார்த்தார். எந்தக் கலப்பு பிழைக்கும், எது மலடாகும், ஏன் ஆகும் என்பதை ஊகமாக விடாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்க் காட்டினார். தனித்து வாழ்ந்த பெண்ணுக்கு, அதிலும் தாழ்ந்ததென்று கருதப்பட்ட சமூகத்துப் பெண்ணுக்கு, அந்நாளைய சர்க்கார் ஆராய்ச்சிச்சாலையில் வாழ்வு இனிதாக இருக்கவில்லை. சாதியை வெளியில் விட்டுவிட்டு சாஸ்திரத்தை மட்டும் உள்ளே கொண்டு செல்லும் வழக்கம் நம் ஆராய்ச்சிச்சாலைகளுக்கு எளிதில் வரவில்லை என்பதை வெட்கத்துடன் குறிக்கிறோம்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பேய்க்கரும்பை எவரும் நடவில்லை. எவரும் காவல் காக்கவில்லை. ஆற்றங்கரை ஆற்றங்கரையாகவே இருந்ததால் அது இருந்தது. அதன் வித்தைக் குப்பியில் அடைத்துக் குளிரில் வைத்தால், அடைத்த நாளில் அது எப்படியிருந்ததோ அப்படியே நிற்கும். கரையில் நிற்கும் புல்லோ ஒவ்வொரு வெள்ளத்தோடும் புதிய நோயோடும் போராடித் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வரும். நாளை வரப்போகும் நோய்க்கு மருந்து அந்த மாறுதலில் தான் பிறக்கக்கூடும். குப்பியை நாம் இகழவில்லை. லெனின்கிராடு நகரத்தை ஹிட்லரின் சேனை முற்றுகையிட்டபோது, வாவிலோவ் திரட்டிய விதைக் களஞ்சியத்தைக் காத்தவர்களில் பலர், நெல்லும் கோதுமையும் கையருகே இருக்க, அவற்றைத் தின்னாமல் பசியால் மாண்டனர். அவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்த விதைகள் யாவும் எங்கேயோ ஒரு மலைச்சரிவிலும் ஒரு குடியானவன் வயலிலும் பொறுக்கி எடுக்கப்பட்டவை அல்லவா?

ஜானகி அம்மாள் 1939இல் எடின்பரோவில் கூடிய மரபியல் மகாநாட்டிற்குச் சென்றார், யுத்தம் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் டார்லிங்டனுடன் உழைத்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். அதன் பிறகு விஸ்லியிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் அலுவல். அங்கே அவர் கைப்பட்டு வளர்ந்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டத்தில் தாவரத்தைப் பேணும் கலையில் அவருக்கு மிஞ்சியவர் அன்று சிலரே இருந்தனர்.

சுதந்திர இந்தியாவின் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்குமாறு ஜவாஹர்லால் நேரு அழைத்ததன் பேரில் 1951இல் தாய்நாடு திரும்பினார். அத்துறை 1890இல் அந்நிய அரசால் நிறுவப்பட்டது. நம் காடுகளில் பறித்த செடிகளின் சிறந்த மாதிரிகள் கியூ தோட்டத்திலும் லண்டன் காட்சிச் சாலையிலும் உலர்ந்து கிடந்தன. நம் செடியை நாம் அறிய அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இந்நாட்டுத் தாவரங்களை இந்நாட்டார் தேடி, இந்நாட்டிலேயே வைத்துப் படிக்க வேண்டுமென்பது ஜானகி அம்மாளின் உறுதி. இதனினும் தெளிவான சுதேசியத்தை நாம் அறியோம். ஆயினும் அவர் கருதியபடி யாவும் நடக்கவில்லை. துறையின் தலைமை ஐரோப்பாவில் பிறந்த பாதிரியார் சந்தாபாவுக்குச் சென்றபோது அம்மையார் மிகவும் மனம் நொந்தார்.

அதைவிடப் பெரிய துயரம் காட்டில் காத்திருந்தது. அஸ்ஸாமின் அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே கிரிபித் மக்னோலியா மரத்தைக் காண ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டிருந்தது. அம்மரத்தின் இனத்தவற்றை விஸ்லியில் பக்குவமாக வளர்த்த அதே கைகள் இங்கே வெறுங்கைகளாயின. தோட்டத்திலிருந்து காட்டிற்கு அவர் சிந்தை திரும்பியதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்று நாம் கொள்கிறோம். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றியதைப் பற்றிக் கூடிய பேரறிஞர் சபைக்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் அவரே. வயிற்றுக்காக மட்டும் பயிரிட்டு வாழும் இந்தியக் குடிகளின் வேளாண்மையைப் பற்றி அங்கே பேசினார்.

1970 முதல் சென்னை சர்வகலாசாலையின் தாவரவியல் மையத்தைச் சார்ந்து, மதுரவாயலிலுள்ள அதன் கள ஆய்வுக்கூடத்தில் குடியேறினார். மூலிகைகளை வளர்த்தார், மலைவாசிகள் அறிந்த செடிகளின் பயன்களைத் திரட்டினார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அக்காலத்தில் பாலக்காட்டுக்கு வடக்கே குந்திப்புழை பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்திற்காக அணை கட்ட முனைந்தனர். சிங்கவால் குரங்குகள் வாழும் அம்மழைக்காட்டைக் காக்கக் கேரளத்தின் ஆசிரியர்களும் கவிஞர்களும் மாணவர்களும் கிளர்ந்தனர். எண்பது வயதைக் கடந்த ஜானகி அம்மாளும் அவர்கள் பக்கம் நின்றார். நிற்பதோடு அமையாமல், அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையையும் மேற்கொண்டார். காடு போய்விடுமோ என்ற அச்சத்தில் அதன் கணக்கையாவது எழுதி வைப்பது தோட்டக்காரர் செய்கை. காடே நிற்கட்டும் என்று சர்க்காரோடு வாதாடுவது காட்டுக்காவலர் செய்கை. இரண்டையும் ஒருங்கே செய்தார். ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடவில்லை. 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆந் தேதி மதுரவாயலில் அவர் காலமானார். பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்த நாள் அவ்வருஷம் நவம்பர் 15.

இனி நம் கழிமுகத்திற்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூரில் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அளவு, ஏற்றவற்றம், சேற்றின் ஆழம் ஆகிய இவற்றைக் கொண்டே அலையாத்தி நிற்கிறது. அதன் வேர்களிடையே இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகின்றன. அவற்றைக் கொண்டே மீனவர் உலை கொதிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கூழைக்கடாவின் இறகும் ஒருசேரக் கறுத்ததைக் கண்டோம். இதற்கு ஈடாக வேறொரு தாலுகாவில் புங்கமும் வேம்பும் நடுவது நல்ல காரியமே. ஆனால் அதில் இறால் வளராது.

வழக்காடிப் பழகிய நமக்குச் சட்ட வாசகத்தைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. 1992இல் ரியோவில் உண்டாகி, 1994இல் இந்தியா ஏற்றுக்கொண்ட பல்லுயிர் உடன்படிக்கையின் 8ஆவது ஷரத்து உயிர்களைப் பிறந்த இடத்தில் காப்பதைப் பற்றியது. 9ஆவது ஷரத்து பெயர்த்துக் காப்பதைப் பற்றியது. இந்த ஒன்பதாவது முதலில் சொன்ன காப்புக்குத் துணையாக என்றே பெரும்பாலும் விதிக்கிறது; அதற்குப் பதிலாக என்று விதிக்கவில்லை. நம் நாட்டின் 2002ஆம் வருஷத்துச் சட்டம் 36ஆவது பிரிவில் இரண்டையும் மத்திய சர்க்காரின் கடமையாக்கி, 41ஆவது பிரிவில் ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டுமென்கிறது. ஊரின் உயிர்களையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டியது அக்குழுவே. எந்தத் துறையில் எந்த மாதம் எந்த மீன் வரும், எந்தச் சேற்றில் எந்தச் செடி தழைக்கும் என்பதை எண்ணூர் மீனவரைவிட அறிந்தவர் எவருமில்லை. நம் ஊழியர்கள் அவர்களையும் அழைத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்று அந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கழிமுகத்தைப் பற்றிய பக்கத்தைப் பிரித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.