செவிலியர் கல்விக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் உழைக்கச் சென்ற தமிழர்களுள் பலர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தினர். அதே மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அவர் தந்தை அமெரிக்க மருத்துவர். தந்தையைப் போல இந்தியாவிலேயே தங்கும் எண்ணம் ஐடாவுக்கு இளமையில் இல்லை.

அமெரிக்காவில் பள்ளிக்கல்வி முடித்த அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு ஐடாவை அழைத்தனர். தம் தந்தையே மருத்துவர் என்று அவர் எடுத்துரைத்தார். அயல் ஆடவர் பெண்ணைத் தொடுவது தம் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மறுநாள் அம்மூன்று பெண்களும் உயிர்நீத்த செய்தி வந்தது. அந்த இரவு ஐடாவின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

அவர் மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் சிறு மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1902இல் அங்கு 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் செல்லும் சாலையோரங்களிலும் நோயாளிகளைத் தேடிச் சென்று மருத்துவம் செய்தார்.

ஆயினும் மருத்துவர் ஒருவரால் மட்டும் நோயாளியைக் காக்க இயலாது. இரவும் பகலும் அருகிருந்து பேணும் செவிலியரும் வேண்டும். 1860இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவியபோது, அந்நாட்டிலும் இப்பணி மதிப்புக் குறைந்ததாகவே கருதப்பட்டது. முறையான பயிற்சியாலும் ஒழுங்காலும் அவர் அந்நிலையை மாற்றினார். தமிழகத்திலோ தடைகள் வேறு வகையின. பிறர் புண்ணையும் குருதியையும் தொடுவது தீட்டு என்று பலர் எண்ணினர். பெண்கள் வெளியில் தங்கிப் பயில்வதையும் இரவில் பணிபுரிவதையும் குடும்பத்தார் விரும்பவில்லை. எனவே நூற்கல்வியோடு மக்களின் மனமாற்றமும் இங்குத் தேவைப்பட்டது.

இத்தடைகளுக்கு இடையே 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஐடா நிறுவினார். 1946இல் அங்குச் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பணி, பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உரிய கல்வியாக உயர்ந்ததைத் தம் வாழ்நாளிலேயே அவர் கண்டார். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் அகவையில், கொடைக்கானலில் மறைந்தார்.

சொற்பொருள்: மகப்பேறு – பிள்ளைப்பேறு, ஒவ்வாது – பொருந்தாது, குருதி – இரத்தம், அகவை – வயது.

சிந்தித்து எழுதுக: செவிலியர் கல்விக்கு இலண்டனிலும் வேலூரிலும் இருந்த தடைகள் எவ்வாறு வேறுபட்டன?