இக்கால ஔவையார்

அசலாம்பிகை அம்மையார் 1875ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள இரட்டணை எனும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் வீட்டு வாசலுக்கு வருவதையே பலர் விரும்பாத காலம் அது. அவையில் எழுந்து பேசுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அம்மையாரோ தமிழை ஆழ்ந்து கற்றார், செய்யுள் இயற்றினார், மேடையேறிச் சொற்பொழிவும் ஆற்றினார்.

புராணம் என்றால் தெய்வங்களின் கதை, அல்லது பெரியபுராணத்தைப் போல அடியார்களின் கதை. அம்மையார் அந்தப் பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டு, நாளிதழ்களில் பெயர் வந்துகொண்டிருந்த ஒருவரைப் பாடினார். காந்தியடிகள் உயிரோடு இருந்தபோதே அவருடைய வரலாற்றைச் செய்யுளில் எழுதத் தொடங்கினார். கதைத்தலைவரின் வாழ்க்கை இன்னும் முடியாதபோது அவரைப் பற்றிக் காப்பியம் பாடுவது எளிதன்று. நாட்டில் நடப்பவற்றைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். காந்தி புராணம் 2,034 பாடல்கள் கொண்ட நூலாக வளர்ந்தது. இராமலிங்க அடிகளாரின் வரலாற்றையும் அவர் 409 பாடல்களில் எழுதினார். திலகரைப் பற்றியும் பாடினார்.

திரு.வி.க. அவரை இக்கால ஔவையார் என்று போற்றினார். இறுதி நாள்களில் அம்மையார் அடிகளாரின் வடலூரில் வாழ்ந்து, 1955ஆம் ஆண்டு மறைந்தார்.