போர்க்காலக் கடல் கடந்த சிவத்தொண்டர் - சேர். பொன். இராமநாதன்

வெள்ளவத்தையிலிருந்து சிவராத்திரிக்குக் கொச்சிக்கடை செல்லும் அடியார்கள் ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தின் கருங்கற்றூண்களிடையே நின்று மெய்மறந்து வழிபடுவர். 1856இல் பொன்னம்பல முதலியார் தாபித்த அவ்வாலயத்தை, 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கியவர் அவரது புதல்வர் சேர். பொன். இராமநாதன் அவர்கள்.

1851 ஏப்ரல் 16இல் கொழும்பிற் பிறந்த இவர் சட்டத்தரணியாயும், சட்டசபை உறுப்பினராயும், சொலிசிட்டர் ஜெனரலாயும் விளங்கியமை யாவரும் அறிந்ததே. தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். ஒவ்வோர் உயிரையும் இறைவன் தனித்தனியே அறிந்து காக்கின்றான் என்னும் சைவத் துணிபு அவருக்கு வெறும் நூலறிவன்று. 1915ஆம் ஆண்டு அதனை உரைத்துப் பார்த்தது.

அப்போது முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. மே 28இல் கண்டியில் மூண்ட சிங்கள - முஸ்லிம் கலவரம் கொழும்புக்கும் பரவ, ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிறந்தது. யுத்த காலத்தில் எழுந்த இராசத் துரோகமென்று அஞ்சிய அரசு, எவ். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலானோரைச் சிறையிலிட்டது. 26 வயதுடைய ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசாதிபதி சேர். றொபேட் சாமேர்ஸோ, அவ்வாண்டு மே மாதத்திலேதான் தம் புதல்வர் இருவரையும் போர்க்களத்தில் இழந்திருந்தார். புத்திர சோகம் அறிந்த அவர் ஆட்சியிலேயே இது நடந்தது.

அந்த இளைஞரை மட்டும் இறைவன் ஏன் காக்கவில்லை என்ற வினா பக்தருக்கும் எழத்தான் செய்யும். வினைப்பயன் என்று விடை கூறி எளிதிற் கடந்துவிடலாம். இராமநாதன் அப்படிக் கடந்துவிடவில்லை. சட்டசபையில் அஞ்சாது வாதாடினார். பின்னர், 64 வயதில், இலண்டனுக்கே கப்பலேறினார்.

ஜெர்மனியரின் நீர்மூழ்கிகள் திரிந்த காலம் அது. 1915 டிசம்பர் 30இல் இந்தியா நோக்கி வந்த 'பெர்சியா' கப்பல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இராமநாதன் ஊறின்றிக் கரைசேர்ந்தது பொன்னம்பலவாணர் திருவருள் என்பர் அன்பர்கள். மாண்டவர்களும் அவன் படைத்த உயிர்களே என்பதையும் மறத்தலாகாது.

இலண்டனில் நீதி கேட்டு முறையிட்டார். 1916இல் ஆதாரங்களோடு ஒரு நூலும் வெளியிட்டார். தேசாதிபதி மீள அழைக்கப்பட்டார். எல்லாம் அவர் ஒருவராலேயே நிகழ்ந்தன என்பது மிகையாகலாம். கலவரத்தில் உடைமை இழந்த முஸ்லிம் மக்களுக்கு அவர்மீது மனக்குறை இருந்ததும் உண்மையே.

அவர் நாடு திரும்பியபோது, சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவரிருந்த வண்டியை வாட் பிளேஸ் இல்லம் வரை தாமே இழுத்துச் சென்றனர்.

1930 நவம்பர் 26இல் சிவபதமடைந்த அவரது சமாதி, மருதனார்மடத்தில் அவர் நிறுவிய இராமநாதன் கல்லூரி வளவில் உள்ளது.