ரணஜன்னியை வெல்ல வழிகண்டவர்

காலில் தைத்த சிறு ஆணியும் உயிரைக் குடித்த காலம் ஒன்றுண்டு. புண் ஆறியதுபோல் தோன்றும். சில நாளில் தாடை இறுகி வாய் திறவாது. பின்னர் முதுகு வில்லென வளையும். ரணஜன்னி என்னும் அக்கொடிய நோய்க்கு மருந்தின்றி மருத்துவர் கலங்கினர்.

அந்நோயை வெல்ல வழிகண்ட அறிஞர் கிதசாதோ சிபசபுரோ. 1853-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் பிறந்த அவர், மருத்துவம் பயின்று, 1885-இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பெற்றார். பெர்லின் நகரில் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். ரணஜன்னிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்க்க அதுவரை எவராலும் இயலவில்லை. கிதசாதோ கிருமிக் கலவையை 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தார். பிற கிருமிகள் மடிந்தன. ரணஜன்னிக் கிருமியின் வித்துகளோ பிழைத்தன. அவை பிராணவாயு உள்ள இடத்தில் வளராமையின், ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்து 1889-இல் வெற்றி கண்டார். காற்றுப் புகாத ஆழ்ந்த புண்ணில் அக்கிருமி செழிப்பது இதனாலேயே ஆகும்.

மறு ஆண்டில் பேரிங் என்னும் அறிஞரோடு சேர்ந்து, அக்கிருமியின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெற்ற விலங்கின் குருதிநீர் பிற விலங்கையும் காக்கும் என நிறுவினார். 1931-இல் கிதசாதோ மறைந்தார். இன்றும் ஆழ்ந்த காயத்தோடு வருவோர்க்கு மருத்துவர் புண்ணைத் தூய்மை செய்து, தேவைக்கேற்பத் தடுப்பூசியும் நச்சுமுறி மருந்தும் அளிக்கின்றனர். அம்மருந்தின் வேர் அன்றைய பெர்லின் ஆய்வுக்கூடத்தில் உள்ளது.