போலந்துப் பிள்ளைகளின் தகப்பனார்



1942-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜப்பானியர் குண்டு விழுமென்ற பயத்தால் சென்னைப் பட்டணத்தார் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் ஓடிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழியாகக் கேட்டிருப்பீர்கள். அதே வருஷத்தில் குஜராத்துக் கடற்கரையில் ஓர் இந்து அரசர் அந்நிய தேசத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தம் வாசலைத் திறந்துவிட்டார். அவரை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நியாயம்.

அவர் நவாநகர் சமஸ்தானத்து மகாராஜா ஜாம் சாகேப் திக்விஜயசிங். 1895-ல் பிறந்தவர், கிரிக்கெட் ஆட்டத்தில் பேர்பெற்ற ரஞ்சித்சிங்கின் வாரிசாக 1933-ல் பட்டத்துக்கு வந்தவர்.

1939 செப்டம்பரில் போலந்து தேசத்தை மேற்கேயிருந்து ஜெர்மனியும் கிழக்கேயிருந்து ருஷியாவும் தாக்கிப் பங்கிட்டுக்கொண்டன. ருஷியர் லட்சக்கணக்கான ஜனங்களைச் சரக்கு ரயில்களில் அடைத்துச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். பசியிலும் குளிரிலும் பெற்றோர் மாண்டுபோக, பிள்ளைகள் தனித்து நின்றன. 1941-ல் ஹிட்லர் ருஷியா மேல் பாய்ந்த பிறகே போலந்தியருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அநாதைகளை எங்கே அனுப்புவது?

மகாராஜா இடம் கொடுத்தார். ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடி என்ற கடலோரத்தில், தம் கோடை மாளிகைக்குப் பக்கத்திலேயே விடுதிகள் எழும்பின. பாரசீகம் வழியாக லாரிகளில் வெகுதூரம் வந்த எலும்புந்தோலுமான சிறுவர் சிறுமியரிடம், அவர்கள் இனி அநாதைகள் அல்லவென்றும், நவாநகர் ஜனங்களுக்கெல்லாம் தாம் தகப்பனாதலால் அவர்களுக்கும் தகப்பன் என்றும் அவர் சொன்னார். அவர்களும் அவரைப் பாபு என்றே அழைத்தார்கள். அந்நாட்டில் தகப்பனுக்குரிய சொல் அது.

விருந்தளிக்கிறவன் விருந்தாளியைத் தன் சாயலாக்கப் பார்ப்பது உலக வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. முகாமை நடத்தும் பொறுப்பு சங்கைக்குரிய பிளுட்டா சுவாமியாரிடம் இருந்தது. பூசை, ஜெபம், போலந்து மொழிப் படிப்பு ஒன்றும் தடைப்படவில்லை. பிள்ளைகள் நாடகம் நடித்தால் மகாராஜா வந்து உட்கார்ந்து பார்ப்பார். ஒருசமயம் வேகவைத்த பசலைக்கீரை வேண்டாமென்று பிள்ளைகள் சாப்பிட மறுத்தபோது, இனிச் சமைக்க வேண்டாமென்று அவரே உத்தரவிட்டாராம். முதுமையிலும் இதைச் சொல்லி அவர்கள் சிரித்ததுண்டு. (நம் வீடுகளில் இந்தச் சலுகையைக் கேட்டு எந்தப் பிள்ளையும் வரவேண்டாம்!)

யுத்தம் முடிந்ததும் வேறு ஆபத்து வந்தது. போலந்தில் அதிகாரத்துக்கு வந்த கம்யூனிஸ்டுகள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்படி கேட்டார்கள். போக விரும்பாதவர்களைக் காக்க, மகாராஜாவும் பிளுட்டா சுவாமியாரும் சட்டப்படி அவர்களைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். 1946-ல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. பலர் கோலாப்பூருக்கு அருகிலுள்ள வளிவாடே முகாமுக்குப் போனார்கள்; சிலர் ஊர் திரும்பினார்கள்; மற்றவர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் குடியேறினார்கள். இவ்வாறு அங்கே தங்கி வளர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய ஆயிரம் பேர் என்பர்.

செய்த உபகாரத்துக்குக் கைம்மாறு என்ன வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, சுதந்திர போலந்தின் தலைநகரான வார்சாவில் ஒரு தெருவுக்குத் தம் பெயர் இருந்தால் போதுமென்றாராம். 1966 பிப்ரவரி 3-ம் நாள் அவர் இறந்தபோது போலந்து சுதந்திரம் பெறவில்லை. 1989-ல் கம்யூனிஸ்டு ஆட்சி நீங்கிய பின்னரே வார்சாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஒரு சதுக்கமும் உண்டு. அதற்கு அந்நகரத்தார் இட்ட பெயர், நல்ல மகாராஜா சதுக்கம்.